கையில் இருக்கும் இடமா, இன்னொரு வருடமா? பொறியியல் சேர்க்கையில் வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி

ஒரே ஐஐடி இடத்துக்கு மூன்று விதமாக வாய்ப்புக் கணக்குச் சொல்லலாம், மூன்றுமே சரியானவை. ஐஐடி சேர்க்கையின் முதல் கட்டத் தேர்வான ஜேஇஇ மெயினை 2024ஆம் ஆண்டு எழுதியவர்கள் சுமார் 14.15 லட்சம் பேர். அந்த ஆண்டு இருபத்து மூன்று ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. அப்படிப் பார்த்தால் நூறு பேரில் ஒன்றேகால் பேருக்குத்தான் இடம். மெயினைத் தாண்டியவர்களுக்கான அட்வான்ஸ்டு தேர்வின் இரண்டு தாள்களையும் எழுதிய 1,80,200 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால் பத்தில் ஒருவருக்கு இடம் உண்டு. அதில் தகுதி பெற்ற 48,248 பேரோடு ஒப்பிட்டால் மூவரில் ஒருவருக்கும் மேலாகவே கிடைக்கிறது. பயமுறுத்த நினைப்பவர் முதல் கணக்கையும், பயிற்சிக் கட்டணம் வாங்க நினைப்பவர் மூன்றாவதையும் சொல்வார். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கு இவற்றில் எதிலும் விடை இல்லை.

ஏனெனில் இது குடத்தில் ஓலையைப் போட்டுக் குலுக்கி எடுக்கும் விஷயம் அல்ல. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கடைசிக் கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவருக்கு இடம் உறுதி, கீழே இருப்பவருக்கு இல்லை. ஆகவே வாய்ப்பைக் கணக்கிடுவது என்றால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வதுதான்: நாம் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பது ஒன்று, அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு நகர்கிறது என்பது மற்றொன்று. பெரும்பாலான குடும்பங்கள் முதலாவதைத் துல்லியமாகப் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, மாநிலக் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியையோ குரோம்பேட்டை எம்ஐடியையோ எட்டக்கூடிய கட்-ஆஃபும், ஜேஇஇயில் சுமாரான ஒரு ரேங்கும் கையில் வைத்திருக்கும் மாணவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். கிடைத்த இடத்தில் சேர்வதா, ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதுவதா என்ற கேள்வி மிகக் கடுமையாக வருவது இவருக்குத்தான்.

மாநிலக் கலந்தாய்வை முதலில் பார்ப்போம். 2007 முதல் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. இருவர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, பிறகு பிறந்த தேதியைப் பார்த்து, அப்போதும் தீராவிட்டால் ரேண்டம் எண்ணைக் கொண்டு முந்தியவர் யார் என்று முடிவு செய்கிறார்கள். தேர்வு முடிவு வந்த அன்றே கட்-ஆஃப் தெரிந்துவிடுவதால், இந்தப் பாதையில் நிச்சயமின்மையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பெண் நிச்சயம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மதிப்பெண்ணின் விலை நிச்சயமல்ல. தரவரிசைப் பட்டியலில் 200க்கு 200 வைத்திருந்தவர்கள் 2023இல் 102 பேர், 2024இல் 65 பேர், 2025இல் 144 பேர். இந்த ஏற்ற இறக்கம் உச்சியோடு நின்றுவிடவில்லை. பொதுப் பிரிவு முதல் சுற்றுக்கு 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 179 வரை கட்-ஆஃப் உள்ளவர்கள் அழைக்கப்பட்டார்கள். 2024இல் அவர்கள் சுமார் 26,600 பேர், 2025இல் சுமார் 39,000 பேர். மாநிலப் பாடத்திட்டத்தில் வேதியியலில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 2024இல் 471 ஆக இருந்து மறுவருடம் 3,181 ஆனதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஒரு வினாத்தாள் சற்று இளகினாலே ஒரே மதிப்பெண் பல ஆயிரம் இடங்கள் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆகையால் சென்ற ஆண்டு கிண்டியில் எலக்ட்ரானிக்ஸ் இத்தனை மதிப்பெண்ணில் முடிந்தது, எனக்கு அதைவிட அரை மதிப்பெண் அதிகம், எனவே எனக்கு உண்டு என்று சொல்வது தவறான கணக்கு. அந்த மதிப்பெண் சென்ற ஆண்டு எந்த ரேங்குக்குச் சமமாக இருந்தது, இந்த ஆண்டு தரவரிசைப் பட்டியலில் நம் ரேங்க் என்ன என்றுதான் பார்க்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாத கல்லூரியில் ரேங்கின் கோடு மதிப்பெண்ணின் கோட்டைவிட மிக மெதுவாகவே நகரும். பொதுப் பட்டியலின் ரேங்கோடு சமூகவாரி ரேங்கும் தரப்படுகிறது. பொதுப்பிரிவின் 31 சதவீதம் எல்லாருக்கும் திறந்தது. மீதி 69 சதவீதம் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, எஸ்.சி.ஏ. 3, எஸ்.டி. 1 என்று பிரிகிறது. பி.சி. பிரிவைச் சேர்ந்தவர் பொதுப்பிரிவின் கடைசி ரேங்கைப் பார்த்துச் சோர்ந்துபோவதும், தம் பிரிவின் வரிசையைப் பார்க்காமலே விருப்பப் பட்டியலை எழுதுவதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதுமே வேறு. படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதால், அவர்களில் கிண்டி கிடைக்கும் நிலையில் இருப்பவர் ஒரு வருடத்தைச் சூதாட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஜேஇஇயின் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே மதிப்பெண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. அட்வான்ஸ்டு தேர்வில் பொதுப் பட்டியலில் இடம்பெறத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண், 360க்கு, 2022இல் 55, 2023இல் 86, 2024இல் 109, 2025இல் 74. நான்கே ஆண்டுகளில் கோடு இரட்டிப்பாகி, மறுபடி மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. எனவே மாதிரித் தேர்வில் 120 வாங்கிய மாணவர் வெற்றி பெற்றுவிட்டாரா என்று யாராவது கேட்டால், எந்த ஆண்டின் வினாத்தாளில் என்று திருப்பிக் கேட்பதே பொறுப்பான பதில். ஆனால் ரேங்க் என்று வந்துவிட்டால் ஜேஇஇ ஆச்சரியமான அளவுக்கு நிலையானது. ஐஐடி மெட்ராஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பொதுப்பிரிவில், முதல் இருநூறு ரேங்குக்குள் முடிந்துவிடுகிறது. அதே வளாகத்தில் சிவில், மெட்டலர்ஜி போன்ற பிரிவுகள் ஐந்தாயிரத்தைத் தாண்டியும் போகின்றன. 2015இல் தொடங்கப்பட்ட பாலக்காடு, திருப்பதி ஐஐடிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏறத்தாழ ஐந்தாயிரம், ஆறாயிரத்தைச் சுற்றி முடிகிறது. ஒரு ஐயாயிரம் ரேங்க்காரர் சென்னையில் சிவில் படிப்பதா, பாலக்காட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். மொத்த இடங்கள் 2023இல் 17,385, 2024இல் 17,740, 2025இல் 18,160 என்று ஏறிக்கொண்டு வருகின்றன. 2014க்குப் பிறகு தொடங்கிய ஐந்து ஐஐடிகளில் மேலும் 6,500 மாணவர்களுக்கு வசதி செய்யப்படும் என்று 2025ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை சொன்னது. அந்த ஐந்தில் பாலக்காடும் திருப்பதியும் உண்டு. ஆகவே அவ்விரண்டின் கோடுகள் இனிவரும் ஆண்டுகளில் இறுகுவதைவிடத் தளர்வதற்கே இடம் இருக்கிறது.

மெயின் தேர்வின் பெர்சென்டைலை, அதாவது நூறு பேரில் எத்தனை பேர் நமக்குக் கீழே நிற்கிறார்கள் என்ற எண்ணை, ரேங்காக மாற்றுவது எளிது. ஜனவரி, ஏப்ரல் ஆகிய இரண்டு அமர்வுகளில் எது கூடுதலோ அது கணக்கில் வரும். நூறிலிருந்து அதைக் கழித்து, எழுதியவர் தொகையால் பெருக்கி, நூறால் வகுத்தால் போதும். 2025இல் எழுதியவர்கள் சுமார் 14.75 லட்சம் என்பதால் 99 பெர்சென்டைல் என்பது ஏறத்தாழ 14,750ஆம் ரேங்க், 97.8 என்பது 32,000ஐத் தாண்டியது. தொண்ணூற்றேழு என்று கேட்டதும் உறவினர்கள் இனிப்புக் கேட்பார்கள். நூற்றுக்கு 97 மதிப்பெண் என்று காதில் விழும் எண், முப்பதாயிரம் பேர் முன்னால் நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

இந்த 97.8காரரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாநிலக் கட்-ஆஃப் 197 என்றும் கொள்வோம். மெயின் வழியாக அவர் பார்க்கக்கூடிய முதல் கதவு திருச்சி என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்). என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. திருச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உள்மாநில ஒதுக்கீட்டின் கடைசி ரேங்க் வெளிமாநில ஒதுக்கீட்டைவிடக் கணிசமாகத் தளர்ந்தே இருப்பது வழக்கம். இருந்தாலும் பொதுப்பிரிவில் 32,000ஐ வைத்துக்கொண்டு அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸையோ எலக்ட்ரானிக்ஸையோ நினைக்க முடியாது. இங்கே ஒரு விவரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்மாநிலம் எது என்பது வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. பன்னிரண்டாம் வகுப்பை முதன்முதலில் எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றார் என்பதைப் பொறுத்தது. பயிற்சிக்காக ஹைதராபாத்துக்கோ ராஜஸ்தானின் கோட்டா நகருக்கோ அனுப்பி அங்கேயே பிளஸ் டூவையும் முடித்துவந்த பிள்ளைக்குத் திருச்சியின் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கிடையாது. பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போதே தெரிந்திருக்க வேண்டிய இதை, கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்த பிறகுதான் பல பெற்றோர் தெரிந்துகொள்கிறார்கள்.

சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். மாநிலக் கலந்தாய்வில் பி.சி., எம்.பி.சி. என்று வழங்கப்படும் சாதிச் சான்றிதழ், ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வில் செல்லாது. மத்தியப் பட்டியலுக்கான ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ், அந்த ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மாநிலத்தில் வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை, மத்தியில் பார்க்கப்படுகிறது. மாநிலப் பட்டியலில் உள்ள சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை. இது வாய்ப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு ஓர் எண் போதும். 2025இல் அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறப் பொதுப்பிரிவுக்கு 93.10 பெர்சென்டைல் தேவைப்பட்டது, ஓ.பி.சி.க்கு 79.43 போதுமானதாக இருந்தது. மாணவிகளும் தங்களுக்கான தனி வரிசையைத்தான் பார்க்க வேண்டும். ஐஐடிகளிலும் என்ஐடிகளிலும் பெண்களுக்கென்று கூடுதலாக உருவாக்கப்பட்ட இடங்களின் கடைசி ரேங்க் பொது வரிசையைவிடத் தளர்வானது. வாய்ப்புக் குறைவு என்று நமக்குள் பேசிக்கொள்ளும் பல வீடுகளில், பார்க்க வேண்டிய வரிசையை இன்னும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

வாய்ப்பைக் கணக்கிட நான் பயன்படுத்தும் முறை மிகச் சாதாரணமானது. ஜோசா ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும், ஒவ்வொரு பிரிவின் தொடக்க ரேங்கையும் கடைசி ரேங்கையும் வெளியிடுகிறது. மாநிலக் கலந்தாய்விலும் முந்தைய ஆண்டுகளின் விவரம் கிடைக்கிறது. விரும்பும் பிரிவுக்கு மூன்று ஆண்டுகளின் இறுதிச் சுற்றுக் கடைசி ரேங்கை எழுதிக்கொள்ள வேண்டும். நம் ரேங்க் அந்த மூன்றில் மிக இறுக்கமானதையும் தாண்டி உள்ளே இருந்தால் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இறுக்கமானதற்கும் தளர்ந்ததற்கும் இடையில் விழுந்தால் கிடைக்கலாம். அந்தப் பிரிவை நம்பிக் கையில் இருப்பதை விடக் கூடாது. மிகத் தளர்ந்ததற்கும் வெளியே இருந்தால் கிடைக்காது என்றே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆனாலும் விருப்பப் பட்டியலில் அதை மேலே எழுதி வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஜோசாவிலும் சரி, மாநிலக் கலந்தாய்விலும் சரி, எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதற்காகக் கீழே உள்ள வாய்ப்பு யாருக்கும் குறைவதில்லை. எட்டாததை எழுதினால் வீணாகிவிடும் என்று அஞ்சி முதல் விருப்பத்தையே எழுதாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பிரிவு அவர்களுக்குப் பின்னால் நின்றவருக்குப் போயிருக்கிறது.

கைப்பேசி எண்ணைக் கேட்டுவிட்டுக் கல்லூரியின் பெயரைச் சொல்லும் கணிப்புக் கருவிகளும் இதே தரவைத்தான் பயன்படுத்துகின்றன. வேறுபாடு என்னவென்றால், கணிப்பு வந்த மறுநாளிலிருந்து தனியார் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை முகவர்கள் அழைக்கத் தொடங்குவார்கள்.

தேர்வுக்கு முன்பே கணிக்க வேண்டியிருந்தால் மாதிரித் தேர்வுகளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. என் அக்கா மகன் பிளஸ் டூவில் இருந்தபோது பத்துத் தேர்வுகள் எழுதினான். அவற்றில் மிகச் சிறந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, நாலாயிரத்துக்குள் வருவான் என்று அவன் படித்த பயிற்சி மையம் எங்களிடம் சொன்னது. பத்தையும் இறங்குவரிசையில் எழுதி நடுவில் இருந்ததைப் பார்த்தபோது பதினைந்தாயிரத்தைச் சுற்றி வந்தது. உண்மைத் தேர்வில் வந்ததும் ஏறத்தாழ அதுதான். சிறந்த நாளில் வாங்கியது திறமையின் உச்சத்தைக் காட்டுகிறது, தேர்வு நாள் அந்த நாளாகவே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே கடைசி ஐந்தாறு தேர்வுகளின் நடு மதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரே மையத்தில் முப்பது பேர் எழுதிய தேர்வாக இல்லாமல், நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் எழுதும் தேர்வின் ரேங்காக இருக்க வேண்டும்.

இனி, இன்னொரு வருடம் என்ற பாதை. இதில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். விதிகள் முதலில். அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் இரண்டு முறைதான் எழுதலாம். அந்த இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்பை முதன்முறை எழுதிய ஆண்டிலிருந்தே எண்ணப்படுகின்றன. முதல் ஆண்டில் மெயினைத் தாண்டவில்லை என்பதால் அந்த ஆண்டு மிச்சமாகிவிடாது. மெயினுக்கு மூன்று ஆண்டுகள் உண்டு. 2024 நவம்பர் 5 அன்று அட்வான்ஸ்டுக்கும் மூன்று முறை என்று அறிவித்தார்கள், நவம்பர் 18 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட பதின்மூன்று நாள்களில் அறிவிப்பை நம்பிக் கல்லூரியை விட்டு விலகியவர்களுக்கு மட்டும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. கையில் இருக்கும் இடத்தை ஓர் அறிவிப்பின் பலத்தில் விடுவது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மறுபடி எழுதுவதால் மாநிலக் கலந்தாய்வு எங்கும் போய்விடாது, அதே பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம் என்பது பெற்றோர் சொல்லும் ஆறுதல். விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் முன்னே பார்த்த எண்களை இங்கே பொருத்திப் பாருங்கள். 2024இல் 179 மதிப்பெண்ணோடு சுமார் 26,600ஆம் இடத்தில் இருந்த மாணவர், ஒரு வருடம் காத்திருந்து 2025இல் அதே 179உடன் வந்திருந்தால் சுமார் 39,000ஆம் இடத்தில் நின்றிருப்பார். 197இலும் இதே திசையில்தான் சரிவு இருந்திருக்கும். மதிப்பெண் உறைந்து நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள கூட்டம் மாறுகிறது. வினாத்தாள் கடினமாகி அவருக்குச் சாதகமாக முடியவும் கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் காத்திருப்பவர் தம் அரணாகக் கருதும் இடத்தையும் சேர்த்தேதான் பணயம் வைக்கிறார். இந்த ஆண்டு கிண்டியில் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இந்த அபாயம் அதிகம். நல்ல இடைவெளியோடு உள்ளே இருப்பவருக்குக் குறைவு.

அடுத்து, முன்னேற எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கேள்வி. இதற்குப் பொதுவான சதவீதம் எதுவும் உதவாது. மதிப்பெண் எங்கே போனது என்று பார்த்தால்தான் தெரியும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, மார்ச் வரை பொதுத்தேர்வுக்கு உழைத்து, இயற்பியலில் பாதிப் பாடங்களுக்கு ஜேஇஇ முறைக் கணக்குகளைத் தொடாமலே மெயின் எழுதி 97 வாங்கியவருக்கு இன்னும் திறக்கப்படாத அறைகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பயிற்சி எடுத்து, பாடத்திட்டத்தை மூன்று முறை முடித்து, அதே 97 வாங்கியவருக்கு அப்படி இல்லை. இருவரின் பெர்சென்டைலும் ஒன்றே, வாய்ப்பு ஒன்றல்ல. மூன்றாவது வகையும் உண்டு: பாடம் தெரிந்தும் அவசரத்தில் தவறாகக் குறித்து நெகட்டிவ் மார்க்கில் இழந்தவர். தவறான விடைகளால் போனது எவ்வளவு, நேரமின்றி விட்டது எவ்வளவு என்று வெளியிடப்பட்ட விடைக்குறிப்போடு தம் விடைகளை ஒப்பிட்டால் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் எடுக்கப்படும் முடிவு எதுவாக இருந்தாலும் அது ஆசையின் பேரிலோ பயத்தின் பேரிலோ எடுத்த முடிவுதான். என் மதிப்பீட்டில் முதல் வகை மாணவருக்கு மட்டுமே முழு வருடம் தகும். அதுவும் பெற்றோர் கேட்பதால் அல்லாமல் அவரே கேட்டால்.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதுவது என்ற நடுவழியும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலோ என்ஐடியிலோ சேர்ந்தவர் அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு எழுதத் தடை இல்லை. ஐஐடியில் சேர்ந்தவர் எழுத முடியாது. ஆகவே கிடைத்த ஐஐடி பிரிவு பிடிக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வழியிலேயே அடைபட்டுவிடுகிறது. கிண்டியில் சேர்ந்து எழுதுவது ஏட்டளவில் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. நடைமுறையில் முதல் செமஸ்டரின் கணிதமும் வருகைப்பதிவும் ஆய்வகமும் சேர்ந்து, டிசம்பருக்குள் பெரும்பாலோர் ஜேஇஇ புத்தகத்தை அடுக்கின் மேல் வைத்துவிடுகிறார்கள். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரி பலருடைய மனத்தை ஓர் அரையாண்டுக்குள் மாற்றிவிடுகிறது.

செலவையும் இதே தட்டில் வைக்க வேண்டும். ஐஐடியில் பொதுவான படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், என்ஐடியில் 1.25 லட்சம், விடுதி, உணவு தனி. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஐஐடியில் படிப்புக் கட்டணம் முழுவதும் இல்லை, ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் முழுவதும் இல்லை. கிண்டியின் கட்டணம் இவை இரண்டையும்விட மிகக் குறைவு. தனியார் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுகளைப் பற்றி இங்கே நீட்டவில்லை. அங்கே இடம் கிடைக்குமா என்பதைவிட எந்தக் கட்டணப் பிரிவில் கிடைக்கும் என்பதே கேள்வி. முன்பணத்தைக் கட்டச் சொல்லும் தேதியும் பெரும்பாலும் அரசுக் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும்.

ஐஐடி மெட்ராஸ் என்ற பெயர்மேல்தான் ஈர்ப்பு என்றால் வேறு வாசல்களும் உண்டு. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறுபவர் எவரும் சேரலாம். அங்கே போட்டி நுழைவில் இல்லை, தாக்குப்பிடிப்பதில் இருக்கிறது. வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கேட் தேர்வு வழியாக எம்.டெக். என்ற வாசலும் உண்டு. பி.டெக். பட்டத்துக்கு இவை ஈடாகுமா என்பது வேறு விவாதம். ஒரு வருடத்தைப் பணயம் வைக்கும் முன் இவற்றை ஒரு முறையாவது பார்த்துவைப்பது நல்லது.

நம் 197, 97.8காரருக்கு வருவோம். அவர் பொதுப்பிரிவு என்றும், அட்வான்ஸ்டில் தகுதிப் பட்டியலுக்குள் வரவில்லை என்றும் வைத்துக்கொண்டால், ஜோசாவில் அவருக்குக் கிடைக்கக்கூடியது தொலைதூர என்ஐடி ஒன்றில் ஏதோ ஒரு பிரிவு. கிண்டியிலோ குரோம்பேட்டை எம்ஐடியிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் அநேகமாக எட்டாது, ஆனால் வேறு பொறியியல் பிரிவுகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எனக்கு அந்த ஒப்பீட்டில் தயக்கம் இல்லை: கிண்டி. அவரே முதல் வகை மாணவராக, அதாவது பாடத்திட்டத்தில் பாதியைத் தொடாமல் இந்த எண்ணை எட்டியவராக இருந்தால், இன்னொரு வருடம் பற்றிப் பேச இடம் இருக்கிறது. இல்லையென்றால் 32,000இலிருந்து ஐயாயிரத்துக்குள் வருவதற்குக் கடக்க வேண்டியிருப்பது இருபத்தேழாயிரம் பேரை. அவர்களிலும் ஒரு பெரும் பகுதியினர் அடுத்த ஆண்டும் எழுத வருபவர்கள்.

முடிவெடுக்கும் தேதி மட்டும் இந்த மாணவர் கையில் இல்லை. ஜோசாவின் சுற்றுகள் ஜூன், ஜூலை மாதங்களில் நடந்து முடிகின்றன. மாநிலத்தின் பொதுக் கலந்தாய்வு ஜூலையில்தான் தொடங்குகிறது. ஆகவே கிண்டி கிடைத்துவிட்டதா என்று தெரிவதற்கு முன்பே என்ஐடி இடத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று சொல்லியாக வேண்டும். 2025இல் மாநிலத் தரவரிசைப் பட்டியல் ஜூன் கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது, 2024இல் ஜூலை இரண்டாம் வாரத்தில் வந்தது. ஜோசாவில் இடத்தை ஏற்று ஃப்ளோட், அதாவது மேலான விருப்பம் கிடைத்தால் மாறிக்கொள்வேன், என்று குறித்து வைத்திருப்பவர் கடைசிச் சுற்றுக்கு முன்புவரை விலகிக்கொள்ளலாம். எனவே மாநிலப் பட்டியல் வெளியான அன்று செய்ய வேண்டியது, தம் சமூகவாரி ரேங்கையும், விரும்பும் பிரிவின் மூன்றாண்டுக் கடைசி ரேங்குகளையும் ஒரே தாளில் எழுதி, ஜோசாவில் விலகுவதற்கான கடைசித் தேதியை அதன் தலைப்பில் எழுதிக்கொள்வது. அந்தத் தேதி போன பிறகு ஜோசாவில் கட்டிய பணமும் முழுதாகத் திரும்பாது.